தலைக்காயத்துக்குப் பின்: குடும்பத்தினருக்கான முழுமையான வழிகாட்டி

இரு சக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்டு, அறுவை சிகிச்சை முடிந்து, வாரக்கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த ஒருவர் பிழைத்துக்கொண்டார் என்று மருத்துவர் சொல்லும் நாளில் குடும்பம் பெருமூச்சு விடுகிறது. ஆனால் அதற்கடுத்த மாதங்களில் வீட்டில் என்ன நடக்கும், யார் எதைச் செய்ய வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்லித்தரப் பெரும்பாலான மருத்துவமனைகளில் நேரமும் இருப்பதில்லை, ஆளும் இருப்பதில்லை. அந்தக் குறையை ஓரளவாவது தீர்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் பதிவாயின. அவற்றில் 1,68,491 பேர் இறந்தனர். அந்த ஆண்டு மாநிலங்களிலேயே மிக அதிகமாக, 64,105 விபத்துகள் தமிழ்நாட்டில் நடந்தன. இறந்தவர்களின் எண்ணிக்கை செய்தியாகிறது. பிழைத்து, மூளையில் காயத்தோடு வீடு திரும்பியவர்களையும் அவர்களைத் தாங்கும் குடும்பங்களையும் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம்.

இங்கே சொல்லப்போவது விபத்துத் தலைக்காயத்தை மையமாகக் கொண்டது. பக்கவாதம், மூளைக்காய்ச்சல், மூளைக்கட்டி ஆகியவற்றுக்குப் பிறகு வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். எந்த இடத்திலும் இது மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றாகாது. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவும்.

படி 1: தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில்

முதல் வேலை, குடும்பத்தில் ஒருவரை மருத்துவர்களோடு பேசுபவராக அமர்த்துவது. மாமா ஒருமுறை, மச்சான் ஒருமுறை, அக்கா ஒருமுறை என்று ஆளாளுக்குக் கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் கிடைத்ததுபோலத் தோன்றும். அதிலிருந்து குழப்பமும் சண்டையும்தான் மிஞ்சும். பேசுபவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். தேதி, மருத்துவர் பெயர், அவர் சொன்னது, கொடுக்கப்பட்ட மருந்து, எடுக்கப்பட்ட ஸ்கேன் ஆகியவற்றை அன்றன்றே எழுதி வையுங்கள். பின்னாளில் மறுவாழ்வு சிகிச்சைக்கும் இழப்பீட்டு வழக்குக்கும் இந்த நோட்டு பயன்படும்.

"ஜிசிஎஸ் எவ்வளவு?" என்று மருத்துவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது உங்கள் காதில் விழும். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜெனட் இருவரும் நோயாளியின் நினைவுநிலையை அளக்க 1974இல் வெளியிட்ட அளவுகோல் (கிளாஸ்கோ கோமா ஸ்கேல்) அது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, உடலசைவுக்கு 6 என மொத்தம் 15 மதிப்பெண். மிகக் குறைந்தது 3. எட்டும் அதற்குக் கீழும் என்றால் கடுமையான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 13 முதல் 15 வரை லேசானது. தொண்டையில் குழாய் போட்டிருக்கும்போது பேச்சை அளக்க முடியாது என்பதால், ஒரு நாள் எண் குறைந்ததைப் பார்த்து இடிந்துபோக வேண்டாம். ஒற்றை எண்ணைவிட அது நாளுக்கு நாள் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை முதல் மணி நேரத்திலேயே இரண்டு விஷயங்களை விசாரியுங்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் காயமடைந்த எவருக்கும், அவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அது பட்டியலிடப்பட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில் செல்லும். அதற்குப் பிறகான சிகிச்சைக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதன் வரம்பு. அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றைத் திரட்டும் வேலையை முதல் நாளே ஒருவரிடம் ஒப்படையுங்கள். நகையை அடகு வைக்க ஓடுவதற்கு முன் மருத்துவமனையின் காப்பீட்டு மேசைக்குப் போங்கள்.

மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டின் நகல், காவல் நிலையத்தின் எப்.ஐ.ஆர். நகல் இரண்டையும் அந்த வாரமே வாங்கிவிடுங்கள். மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டாலும் எப்.ஐ.ஆர். அவசியம்.

படி 2: டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் கற்றுக்கொள்ள வேண்டியவை

வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லும் நாளில் கற்றுக்கொள்ளத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். குறைந்தது ஒரு வாரத்துக்கு முன்பே, வீட்டில் பார்த்துக்கொள்ளப்போகும் இருவர் செவிலியரின் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் தம் கையால் செய்து பழக வேண்டும். இருவர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தால், அவருக்குக் காய்ச்சல் வரும் நாளில் வீடே நின்றுபோகும்.

மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாய் இருந்தால், ஒவ்வொரு முறையும் குழாயில் போட்ட குறி இடம் மாறாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தி, கஞ்சியை வடிகட்டி, தானாக இறங்கும் வேகத்தில் மெதுவாக விட வேண்டும். அழுத்தித் தள்ளக் கூடாது. முடிந்ததும் கொதித்து ஆறிய தண்ணீரை விட்டுக் குழாயைக் கழுவி, ஒரு மணி நேரமாவது படுக்க வைக்காமல் சாய்ந்த நிலையிலேயே வைத்திருங்கள். குழாயை எடுத்த பிறகும் விழுங்கும் திறன் உடனே திரும்பிவிடாது. தண்ணீர் குடித்ததும் இருமல், குரல் நனைந்ததுபோல் மாறுதல், சாப்பிட்டபின் காய்ச்சல் ஆகியவை உணவு நுரையீரலுக்குள் போகிறது என்பதற்கான அறிகுறிகள். பாசத்தில் ஒரு வாய் ரசம் சாதம் ஊட்டி, அதனால் நிமோனியா வந்து மறுபடியும் ஐ.சி.யூ.வுக்குப் போனவர்கள் உண்டு. விழுங்கும் திறனைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் சோதித்த பிறகே வாய் வழியாகக் கொடுங்கள்.

கழுத்தில் துளையிட்டுப் பொருத்திய டிராக்கியாஸ்டமி குழாய் இருந்தால், சளி உறிஞ்சும் கருவியை இயக்கவும், உள்குழாயைக் கழற்றிக் கழுவி மாட்டவும், குழாய் வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டுச் செய்து பாருங்கள். மின்சாரம் போனாலும் அந்தக் கருவி ஓட மாற்று ஏற்பாடு வேண்டும்.

மூளை வீக்கத்துக்காக மண்டையோட்டின் ஒரு பகுதியை அகற்றியிருந்தால், அந்த எலும்பை வயிற்றுத் தோலுக்கடியில் பத்திரப்படுத்தியிருக்கலாம். வயிற்றில் தையலைப் பார்த்துப் பதறிப்போகும் குடும்பங்கள் பல. எலும்பைத் திரும்பப் பொருத்தும் வரை தலையின் அந்தப் பக்கத்தில் வெறும் தோல்தான் காப்பு. அந்தப் பக்கமாகப் படுக்க வைக்காதீர்கள். உட்காரவும் நடக்கவும் தொடங்கியதும் தலைக்கவசம் அணிவியுங்கள்.

டிஸ்சார்ஜ் சுருக்கத்தை வாங்கும்போது இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: மூளையின் எந்தப் பகுதியில் காயம், வலிப்பு மாத்திரையை எவ்வளவு காலம் தர வேண்டும், அடுத்த ஸ்கேன் எப்போது, எலும்பை எப்போது பொருத்துவார்கள், இரவில் அவசரம் என்றால் எந்த எண்ணை அழைப்பது. காயம் பட்ட பகுதியின் பெயர் மிக முக்கியம். நெற்றிப்பகுதி மடலில் காயம் என்றால் குணமாற்றத்தையும், இடது பக்கம் என்றால் பெரும்பாலும் பேச்சுச் சிக்கலையும், காதுக்கு மேலே உள்ள பக்கவாட்டு (டெம்போரல்) மடல் என்றால் நினைவுக் குறைவையும் முன்கூட்டியே எதிர்பார்த்துத் தயாராகலாம்.

படி 3: வீட்டில் முதல் வாரங்கள்

கூடத்திலேயே கட்டிலைப் போடுவது நம் வழக்கம். வருபவர் போகிறவர் எல்லாரும் பார்க்கலாம் என்பது ஒரு வசதி. மூளைக்காயம் பட்டவருக்கு அதுவே கெடுதல். காற்றோட்டமுள்ள, சத்தம் குறைந்த, கழிப்பறைக்குப் பக்கமான அறையைக் கொடுங்கள். டிவி ஓடிக்கொண்டே இருக்கும் வீட்டில் அவர் மூளை ஓய்வதில்லை.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். காற்றுப் படுக்கை இருந்தாலும் புரட்டியே ஆக வேண்டும். வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, தலையின் பின்புறம் ஆகிய இடங்களைத் தினமும் குளிப்பாட்டும்போது பாருங்கள். தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு மறையாமல் இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்தின்மேல் எடை படாமல் வைத்து, அன்றே செவிலியரையோ மருத்துவரையோ கேளுங்கள். பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள்மூட்டு எளிதில் நழுவிவிடும். முதுகுக்குப் பின்னால் கை கொடுத்தே எழுப்ப வேண்டும்.

பார்க்க வருபவர்கள் ஒரு பெரிய சோதனை. ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் ஆப்பிளோடும் வந்து, கட்டிலருகே குனிந்து, "என்னை யாருன்னு தெரியுதா? சொல்லு பார்ப்போம்" என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். பெயர் வாயில் வராமல் அவர் தவிப்பதும், வந்தவர் வருத்தத்தோடு தலையாட்டுவதும் ஒரு நாளில் பத்து முறை நடந்தால், மாலைக்குள் அவர் கத்தத் தொடங்கிவிடுவார். அல்லது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: உள்ளே போனதும் "நான் உங்க சித்தப்பா, மதுரையிலிருந்து வந்திருக்கேன்" என்று வருபவர்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும்; ஒரு நேரத்தில் இருவர்; பத்து நிமிடம். மனக்கசப்பு வந்தால் வரட்டும், பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

பிசியோதெரபி, படுக்கைப் புண் பராமரிப்பு, வலிதணிப்புச் சிகிச்சை ஆகியவற்றை வீட்டுக்கே வந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் முதல் நடந்துவருகிறது. உங்கள் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவுசெய்யுங்கள். மாதத்துக்கு எத்தனை முறை வருவார்கள் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். அவர்கள் வரும்போது பயிற்சியைக் கற்றுக்கொண்டு மற்ற நாட்களில் நீங்களே செய்யுங்கள்.

படி 4: ஆபத்தின் அறிகுறிகள்

தலைக்காயத்துக்குப் பல மாதங்கள், ஏன், ஆண்டுகள் கழித்தும் வலிப்பு வரலாம். வந்தால் சுற்றியுள்ள பொருட்களை அகற்றி, தலைக்கடியில் மடித்த துணியை வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதாலோ இரும்பைக் கொடுப்பதாலோ வலிப்பு நிற்பதில்லை. அது தானாக அடங்கும் நேரத்தில் இரும்புக்குப் பெயர் கிடைக்கிறது. வாய்க்குள் கரண்டியோ விரலோ வைக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றக் கூடாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலும், நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலும் 108ஐ அழையுங்கள். பக்கத்தில் ஒருவர் இருந்தால் செல்பேசியில் படம்பிடித்து வைக்கட்டும். மருத்துவருக்கு அந்த அரை நிமிடக் காட்சி மிகவும் உதவும்.

நன்றாகத் தேறிவந்தவர் சில வாரங்களுக்குப் பிறகு மந்தமாகி, நடை தடுமாறி, சிறுநீர் கட்டுப்படாமல் போனால், மனச்சோர்வு என்றோ சோம்பல் என்றோ எண்ணிக் காத்திருக்காதீர்கள். மூளைக்குள் நீர் தேங்கத் தொடங்கியிருக்கலாம். ஸ்கேனில் தெரியும், பெரும்பாலும் சிகிச்சையும் உண்டு. கூடிக்கொண்டே போகும் தலைவலியோடு வாந்தி, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல், ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கும் அதே அவசரம் பொருந்தும்.

கோயிலுக்குப் போவதும் நேர்ந்துகொள்வதும் குடும்பத்துக்குத் தெம்பு தரும். எந்த வேண்டுதலுக்காகவும், எந்த நாட்டு மருந்துக்காகவும் வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள் என்பதை மட்டும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

படி 5: மறுவாழ்வு சிகிச்சை

முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாகி ஆண்டுக்கணக்கில் தொடரும். "ஆறு மாதத்துக்கு மேல் ஒன்றும் வராது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அந்த ஆறு மாதங்களை வீணாக்கவும் வேண்டாம். பிசியோதெரபி உடலசைவுக்கு, அன்றாட வேலைகளுக்குத் தொழில்முறைச் சிகிச்சை (ஆக்குபேஷனல் தெரபி), பேச்சுக்கும் விழுங்குதலுக்கும் பேச்சுப் பயிற்சி, நினைவுக்கும் நடத்தைக்கும் மருத்துவ உளவியலாளர். இந்த நான்கில் முதலாவது மட்டுமே பெரும்பாலான குடும்பங்களுக்குக் கிடைக்கிறது. சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையம், பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகியவற்றில் இவற்றை ஒருங்கிணைத்துத் தரும் துறைகள் இருக்கின்றன. தொலைவு அதிகம் என்றாலும், ஒருமுறையாவது அங்கே சேர்ந்து முழு மதிப்பீடு செய்து, பயிற்சித் திட்டத்தை எழுதி வாங்கி வந்து ஊரில் தொடரலாம்.

பேச்சை இழந்தவர்களைப் பற்றி ஒரு செய்தி. ஒரு சொல்கூடச் சொல்ல முடியாதவர், தொடங்கி வைத்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போவார். சிறு வயதில் மனப்பாடம் செய்த திருப்பாவையைப் பாடுவார். அதைப் பார்த்து, "நடிக்கிறான், பேச வேண்டும் என்றால் பேசுவான்" என்று சொல்லிவிடாதீர்கள். பழகி ஊறிய சொற்தொடர்கள் மூளையில் வேறு வழியாக வருகின்றன; புதிதாக ஒரு வாக்கியத்தைக் கட்டும் பகுதிதான் அடிபட்டிருக்கிறது. பேச்சுப் பயிற்சியில் அந்தப் பாட்டையே படிக்கட்டாகப் பயன்படுத்த முடியும். பேசும்போது சின்ன வாக்கியமாக, ஆம், இல்லை என்று தலையசைத்தால் போதும்படியாகக் கேளுங்கள். பதிலுக்காக மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். அவர் முடிக்குமுன் நீங்கள் முடித்துவிடாதீர்கள்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் மூளை வளரும் என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற சிலவற்றைத் தவிர, மருத்துவ ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாக விற்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் அனுமதிக்கவில்லை. ஆய்வில் சேர்ப்பவர்கள் நோயாளியிடம் பணம் வாங்கவும் கூடாது. நிலத்தை விற்று அதில் போடாதீர்கள்.

படி 6: ஆள் மாறிப்போகும்போது

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் சொல்ல விரும்புவது இதுதான். கை கால் விளங்காமல் போனதைக் குடும்பம் எப்படியோ ஏற்றுக்கொள்கிறது, ஊரும் இரங்குகிறது. அடக்கமாக இருந்தவர் கெட்ட வார்த்தை பேசுவதும், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சியவர் அதன் அழுகைக்குத் தட்டை வீசுவதும், விடியற்காலையில் கடை திறந்தவர் நாள் முழுக்க நாற்காலியில் வெறித்து உட்கார்ந்திருப்பதும்தான் வீட்டை உடைக்கின்றன. வெளியே பார்த்தால் ஆள் நன்றாக இருக்கிறார், ஸ்கேனும் தேறிவிட்டது, ஆகவே திமிர், சோம்பேறித்தனம், பொண்டாட்டி சரியில்லை என்று பழி எங்கெங்கோ போகிறது. அந்தப் பழி பெரும்பாலும் மனைவியின் தலையில் விடிவதை நான் கண்டிருக்கிறேன்; அது பெரும் அநியாயம்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதிதான் கோபத்தைத் தடுப்பது, வேலையைத் தொடங்குவது, பிறர் மனத்தை ஊகிப்பது, செய்த தவற்றைத் தானே உணர்வது ஆகியவற்றைச் செய்கிறது. தலை எந்தப் பக்கம் மோதினாலும் மண்டையோட்டின் உள்ளே கரடுமுரடான எலும்பில் இந்தப் பகுதி உரசிச் சிதைவது சாதாரணம். ஆகவே தடுப்பில்லாத கோபமும் தொடங்க இயலாத மந்தமும், பக்கவாதம் வந்த கையைப் போலவே, காயத்தின் விளைவுகள். தனக்கு எந்தக் குறையும் இல்லை என்று அவர் சாதிப்பதும் அப்படித்தான். குறையை உணரும் கருவியே பழுதாகியிருக்கிறது. வாதாடி ஒப்புக்கொள்ள வைக்க முடியாது.

கோபத்தைக் கையாள, அதற்கு முந்தைய அரை மணி நேரத்தைக் கவனியுங்கள். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: முன்னே என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பிறகு நாம் என்ன செய்தோம். இரண்டு வாரம் எழுதினால் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு தெரியும். பசி, களைப்பு, சத்தம், ஒரே நேரத்தில் இருவர் பேசுவது, பிறர் முன்னால் திருத்துவது, மலச்சிக்கல் என்று காரணம் புலப்படும். மாலை நான்கு மணிக்குமேல்தான் வெடிக்கிறார் என்றால் மதியத் தூக்கத்தையும், பிள்ளைகளின் டியூஷன் நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். வெடித்துவிட்டால் விளக்கம் கேட்காதீர்கள், எதிர்க்கோபம் காட்டாதீர்கள். பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, தாழ்ந்த குரலில் ஒரே வாக்கியம் சொல்லிச் சற்று விலகி நில்லுங்கள். தணிந்த பிறகு, "அப்போது ஏன் அப்படிச் செய்தாய்?" என்று விசாரணை நடத்தாதீர்கள், அவருக்கு அது நினைவிலேயே இல்லாமல் இருக்கக்கூடும். கைநீட்டும் அளவுக்குப் போனால் பொறுத்துக்கொள்வது தியாகமாகாது. உங்களையும் பிள்ளைகளையும் காத்துக்கொண்டு, மனநல மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். இதற்கு மருந்து உண்டு.

நினைவுக் குறைவுக்குப் பழக்கமே துணை. "லோடு வந்துருச்சா?" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் ஒருவரிடம், "இப்பத்தானே சொன்னேன்" என்று சொல்வதால் இருவருக்கும் வேதனைதான். அவர் உட்காரும் இடத்துக்கு எதிரே ஒரு கரும்பலகை மாட்டி, இன்றைய கிழமை, தேதி, காலை மாத்திரை போட்டாயிற்று, மதியம் தங்கை வருகிறாள், கடையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான் என்று எழுதி, கேட்கும்போதெல்லாம் பலகையைக் காட்டுங்கள். சில வாரங்களில் கேட்குமுன் அவர் கண் பலகைக்குப் போகத் தொடங்கும்.

மந்தத்துக்கு மருந்து, கட்டளையும் அல்ல, கெஞ்சலும் அல்ல. வேலையைத் துண்டாக்கி முதல் துண்டை நாம் தொடங்கி வைக்க வேண்டும். "குளிக்கப் போங்கள்" என்றால் எழ மாட்டார்; துண்டைக் கையில் கொடுத்து, "வாங்க" என்று கூடவே நடந்தால் வருவார்.

1848 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்குப் பாறை உடைக்கும்போது பினியாஸ் கேஜ் என்ற 25 வயது மேஸ்திரியின் கன்னத்தில் நுழைந்த இரும்புக் கம்பி தலையுச்சி வழியாக வெளியேறியது. பிழைத்தார், குணம் மாறிப்போனதால் பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. மூளையியல் பாடங்களில் அவர் கதை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அவர் பின்னர் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். ஒரே வழித்தடம், ஒரே நேரம், ஒரே வரிசையில் வேலைகள் கொண்ட அந்த வாழ்க்கைதான் அவரை ஓரளவு மீட்டது என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1860இல் வலிப்பு தொடர்ந்து வந்து இறந்தார். விடியலிலிருந்து இரவு வரை மாறாத கால அட்டவணையை நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேசக் கூசும் இரண்டு விஷயங்கள். தடுப்பு குலைந்த நிலையில் சிலர் பொருத்தமில்லாமல் தொடுவதும் பேசுவதும் உண்டு. உறவுப் பெண்களையும் உதவிக்கு வருபவரையும் முன்கூட்டியே எச்சரித்து, நடந்தால் உறுதியாக "கூடாது" என்று சொல்லிக் கவனத்தை வேறு வேலைக்குத் திருப்புங்கள், மருத்துவரிடமும் மறைக்காதீர்கள். இன்னொன்று பணம். கேட்டவருக்கெல்லாம் கொடுப்பதும், செல்பேசியில் கடன் செயலிகளில் சிக்குவதும் நடக்கிறது. யுபிஐ வரம்பைச் சில நூறு ரூபாய்க்குக் குறைத்து, கைச்செலவுக்குச் சிறு தொகையை அவரிடமே விடுங்கள். எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டால் மானம் போன உணர்வே அடுத்த சண்டையாக வரும். மதுவைத் தொடவே கூடாது. அது வலிப்பையும் வன்முறையையும் சேர்த்து அழைத்துவரும்.

படி 7: சட்டமும் பணமும்

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுவைத் தாக்கல் செய்ய, 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திருத்தம் விபத்து நாளிலிருந்து ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. நோயாளியைப் பார்க்கும் அவசரத்தில் இந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். எல்லா ரசீதுகளின் அசலும், சம்பளச் சான்றும், உதவியாளருக்குக் கொடுத்த பணத்துக்கான எழுத்தும் வேண்டும். குடும்பங்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு: கை கால் ஊனத்துக்கு மட்டும் சதவிகிதம் வாங்கிவிட்டு, நினைவும் நடத்தையும் பாதிக்கப்பட்டதற்குச் சான்று இல்லாமல் நீதிமன்றம் போகிறார்கள். மருத்துவ உளவியலாளரின் சோதனை அறிக்கையை வாங்குங்கள். மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்ட 12 வயதுச் சிறுமியின் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் வாழ்நாள் முழுவதற்கும் இரு உதவியாளர்களின் ஊதியத்தையும் கணக்கிட்டு, இழப்பீட்டை 62 லட்சத்து 27 ஆயிரம் ரூபாயாக உயர்த்தியது. வீட்டார் இலவசமாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதற்காகப் பராமரிப்புச் செலவே இல்லை என்று ஆகிவிடாது.

நினைவில்லாதவரிடம் கைநாட்டு வாங்கிப் பவர் பத்திரம் எழுதுவது செல்லாது. முன்பே எழுதியிருந்த சாதாரணப் பவரும், எழுதியவர் மனத்திறனை இழந்தால் முடிந்துபோகும். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டுமே, பாதிக்கப்பட்டவர் சார்பில் முடிவெடுக்கும் காப்பாளரை நியமிக்கிறது. கோமாவில் இருப்பவருக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு வழியாகக் காப்பாளர் நியமனம் பெறலாம். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக்கி, சொத்தைக் கையாள அனுமதித்தது.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குக் குறைந்தது 40 சதவிகிதக் குறைபாடு இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. தலைக்காயம் என்ற பெயரில் தனி வகை இல்லை. இயக்கக் குறைபாடு, பேச்சு மொழிக் குறைபாடு, மனநோய் என விளைவுகளின் பெயரில்தான் சான்று பெற வேண்டியிருக்கும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை, 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய்; மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.

படி 8: பார்த்துக்கொள்பவரை யார் பார்த்துக்கொள்வது

கணவர் உயிரோடு இருக்கிறார். ஆனால் பேசிச் சிரித்த அந்த மனிதர் இல்லை. இந்த இழப்புக்கு நம்மிடம் சடங்கு கிடையாது. துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை. அழுதால், "உசுரோட இருக்கிறாரே, அதுக்கே கொடுத்து வெச்சிருக்கணும்" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். பழைய மனிதருக்காக அழுவதும் இப்போது இருப்பவரை நேசிப்பதும் ஒன்றாக நடக்கலாம். அதில் துரோகம் எதுவுமில்லை.

ஆறுதல் வார்த்தையைவிட நேரப் பங்கீடு உதவும். "எது வேணும்னாலும் கேளு" என்று சொல்லும் மைத்துனரிடம், "ஞாயிறு காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை நீங்க இருங்க" என்று நாளும் நேரமும் குறித்துக் கேளுங்கள். பணம் தர முடியாதவர் நேரம் தரட்டும். வெளிநாட்டில் இருப்பவர் இரவு உதவியாளரின் சம்பளத்தைத் தரட்டும். யார் எதை ஏற்றார்கள் என்பதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதி வையுங்கள். மூன்று வாரத்துக்குமேல் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபர் முதல் இது இலவசமாக இயங்குகிறது. சாகும் எண்ணத்துக்கு மூன்று வாரம் காத்திருக்கத் தேவையில்லை. முதல் நாளே அழையுங்கள்.

பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். "அப்பாவுக்குத் தலையில் அடிபட்டதில் கோபத்தை நிறுத்துற இடம் காயமாயிருக்கு, நீ ஒண்ணும் தப்புப் பண்ணல" என்று ஐந்து வயதுக் குழந்தைக்கும் சொல்ல முடியும். சொல்லாவிட்டால் தன்னால்தான் அப்பா இப்படி ஆனார் என்று அது நினைத்துக்கொள்ளும்.

படி 9: வேலைக்கும் சாலைக்கும் திரும்புதல்

தேறிவருபவர்களை அதிகம் முடக்குவது களைப்பு. முழு நேர வேலைக்கு ஒரேயடியாக அனுப்பாமல் அரை நாளாக, பழகிய எளிய வேலையாகத் தொடங்கி, வாரக்கணக்கில் நேரத்தைக் கூட்டுங்கள். அரசுப் பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரைப் பணியிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20(4)ஆம் பிரிவு சொல்கிறது. அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும், அதுவும் இல்லையென்றால் அவருக்காகக் கூடுதல் பணியிடத்தை உருவாக்கியாவது வைத்திருக்க வேண்டும். விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்து கேட்டு யாராவது வந்தால், இந்தப் பிரிவைக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வண்டிச் சாவியை அவர் முதலில் கேட்பது நிச்சயம். வலிப்பு வந்தவர், பார்வையில் ஒரு பக்கம் மறைந்தவர், முடிவெடுப்பதில் தாமதம் உள்ளவர் ஆகியோர் நரம்பியல் மருத்துவர் எழுத்தில் அனுமதிக்கும் வரை ஓட்டக் கூடாது. "வேண்டாம்" என்று மனைவியோ மகனோ சொன்னால் அது வீட்டுச் சண்டையாகிவிடும். ஆகவே அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவர் வாயாலேயே அதைச் சொல்லவைத்து, சீட்டில் எழுதி வாங்கி, பீரோவில் வைக்காமல் அந்தக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.